மொராக்கோவுக்குத் தனியாக 12 நாள்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கணக்குப்பிள்ளை கேட்டது:

வணக்கம். நவம்பரில் மொராக்கோ போகிறேன், 12 நாள், தனியாக. வயது 34, தணிக்கை வேலை. இதற்கு முன் தனியாகப் போனது தாய்லாந்துக்கும் போர்ச்சுகலுக்கும். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அதனால் போகலாமா வேண்டாமா என்று யாரும் பட்டிமன்றம் நடத்த வேண்டாம், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

ரியாத்தில் அறை போட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "சவூதிக்கு ஏண்டி தனியாப் போற?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அது ஊர் இல்லை அம்மா, நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய மொராக்கோ வீட்டுக்கு ரியாத் என்று பெயர், அதையெல்லாம் இப்போது விடுதியாக்கியிருக்கிறார்கள் என்று விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. முற்றம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கேள்வி: "முஸ்லிம் நாட்டுக்கா? அதுவும் தனியாவா?" கேட்கும்போது எரிச்சலாக வருகிறது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு மராக்கெஷ் வீடியோக்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடப்பதும் நான்தான். என் தொழிலில் "ரிஸ்க் இருக்கிறது" என்று மொட்டையாக எழுதினால் மேனேஜர் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன நடக்கும், நடந்தால் என்ன செய்வது என்று எழுத வேண்டும். எனக்கும் அப்படித்தான் பதில் வேண்டும்.

வழி: மராக்கெஷ் 4 நாள், ஃபெஸ் 3, ஷெஃப்ஷாவன் 2, டான்ஜியரில் ஒரு ராத்திரி, கடைசி ரெண்டு நாள் காசாபிளாங்கா. மெர்சூகா பாலைவனம் போகவும் ஆசை, எதைக் குறைத்து அதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை. மராக்கெஷில் விமானம் இறங்குவது ராத்திரி 11:20க்கு. ரியாத் மெதினா என்கிற பழைய ஊருக்குள்ளே, கார் போகாத சந்தில் இருக்கிறது. இதுதான் முதல் கவலை. முக்காடு போட வேண்டுமா? ரயிலில் தனியாகப் போகலாமா? சாயங்காலம் வெளியே போகலாமா? யாராவது பின்னாலேயே வந்தால் என்ன செய்வது?

---

நலம்விரும்பி:

சகோதரி, தப்பாக நினைக்க வேண்டாம். 2018இல் அங்கே ரெண்டு வெளிநாட்டுப் பெண்களைக் கொன்றார்களே, படிக்கவில்லையா? டிக்கெட் காசு போனால் போகட்டும். வீட்டுக்காரரோடு துபாய் போய்விட்டு வாருங்கள், அதுதான் சேஃப்.

---

பழைய செருப்பு:

நலம்விரும்பி, துபாயும் முஸ்லிம் ஊர்தான் சார். யாரும் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை போல.

கணக்குப்பிள்ளை, நான் ரெண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை 41 வயதில், அடுத்தது 45இல். ரெண்டு தடவையும் தனியாக. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த 2018 விஷயம். நடந்தது உண்மை. டிசம்பர் மாதம், அட்லஸ் மலையில் இம்லில் கிராமத்துக்குப் பக்கத்தில், டென்மார்க்கிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்த ரெண்டு மாணவிகள் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது பயங்கரவாதிகள் கொன்றார்கள். மறு வருஷமே முக்கியக் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் சோதனைச் சாவடி வைத்து பாஸ்போர்ட் பார்க்கிறார்கள், தூப்கால் சிகரம் ஏற உரிமம் உள்ள வழிகாட்டி கட்டாயம். நீங்கள் மலையில் கூடாரம் போடப் போவதில்லை. அதனால் அந்தக் கொலை உங்கள் ஃபைலில் வராது. உங்கள் ஃபைலில் வருவது வேறு: தொல்லை. பேச்சு, கூப்பாடு, பின்தொடர்வது, காசு பிடுங்குவது. பெரும்பாலும் ஆபத்தில் முடியாது. ஆனால் நாளுக்கு இருபது தடவை நடக்கும், சாயங்காலம் நாலு மணிக்கு மண்டை வெடித்துவிடும். நான் போன முதல் தடவை மூன்றாம் நாள் ரியாத் மொட்டைமாடியில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் அழுதேன். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. சும்மா அலுப்பு.

11:20 விமானம். முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் பரவாயில்லை. ரியாத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதி விமான நிலையத்துக்கு வண்டி அனுப்பச் சொல்லுங்கள். வெளியே பிடிப்பதை விடக் கூடத்தான் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், இந்தப் பயணத்தில் பேரம் பேசக் கூடாத செலவு இது ஒன்றுதான். முக்கியமான கேள்வியை மறக்காதீர்கள்: வண்டி எந்த வாசலில் நிற்கும், அங்கிருந்து கதவு வரை கூட நடந்து வருவது யார்? மெதினா என்பது மதிலுக்குள் இருக்கும் பழைய ஊர். வண்டி மதில் வாசலோடு நின்றுவிடும். கடைசி முந்நூறு மீட்டர்தான் ராத்திரியில் கஷ்டம். விடுதி ஆள் வாசலில் வந்து நின்றால் பிரச்சினை முடிந்தது. கூட வருபவர் யார் என்று பதில் சொல்லாத விடுதியை ரத்து செய்துவிட்டு வேறு பாருங்கள்.

முக்காடு சட்டப்படி கட்டாயம் இல்லை. மராக்கெஷிலும் காசாபிளாங்காவிலும் உள்ளூர்ப் பெண்களே முக்காடோடும் இல்லாமலும் தெரிவார்கள், ஜீன்ஸும் உண்டு, கணுக்கால் வரை ஜெல்லாபா அங்கியும் உண்டு. தோள், முட்டி மூடினால் போதும். நம் குர்த்தாவும் தொளதொள பேண்டும் அங்கே கச்சிதமாகப் பொருந்தும். ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும், வெயிலுக்கும் தூசிக்கும் ஆகும். நவம்பரில் ராத்திரி குளிரும், ரியாத் அறைகளில் கல்லுக்குள் தூங்குகிற மாதிரி இருக்கும், அதற்கும் ஆகும்.

சந்துகள். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மராக்கெஷிலும் ஃபெஸ்ஸிலும் பையன்கள் நிற்பார்கள். "இந்தப் பக்கம் மூடியிருக்கிறது, ஸ்குவேர் அந்தப் பக்கம்" என்பார்கள். எந்தப் பக்கமும் மூடியிருக்காது. அவர்கள் பின்னால் போனால் தோல் பதனிடும் இடத்துக்கோ மாமா கடைக்கோ போய்ச் சேருவீர்கள், கடைசியில் காசு கேட்பார்கள், குறைவாகக் கொடுத்தால் குரல் உயரும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். சந்துக்குள் நீலப் புள்ளி சுவர் தாண்டிச் சுவர் குதிக்கும், அதை முழுசாக நம்ப முடியாது. ஃபெஸ்ஸில் ஒன்றே ஒன்று நினைவில் வைத்தால் போதும். பாப் பூஜ்லூத் என்ற நீல வாசலிலிருந்து தாலா கெபீரா, தாலா ஸ்கீரா என்று ரெண்டு பெரிய தெரு கீழே இறங்குகின்றன. வழி தவறினால் மேடு ஏறுங்கள். இறங்கினால் ஊருக்குள்ளே போகிறீர்கள், ஏறினால் வெளியே வருகிறீர்கள்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஃபெஸ், வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் மெதினா அடங்கிவிடும் என்று எந்த வீடியோவிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் கழுதை, கூச்சல், நெரிசல் என்று இருந்த தெருவில் பலகைக் கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. ஒரு பையன், இருபது வயசு இருக்கும், "ஹிந்தியா? ஷாருக் கான்!" என்று ஆரம்பித்தான். (இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பீர்கள். இந்தியர் என்றால் அங்கே நிஜமாகவே ஒரு பிரியம் உண்டு, முறைத்துக்கொள்ளாதீர்கள்.) நான் "லா, ஷுக்ரன்" என்றேன், வேண்டாம், நன்றி. இடது பக்கம் திரும்பினேன், அவனும் திரும்பினான். நின்றேன், நின்றான். சந்து ரெண்டு முழம் அகலம், மேலே வீடுகள் ஒட்டிக்கொண்டு வெளிச்சமே இல்லை. அவனுக்கு இருபது திர்ஹாம்தான் வேண்டியிருந்ததோ என்னவோ. அந்த நிமிஷத்தில் எனக்கு அது தெரியாதே.

அப்போது ஒரு கதவு திறந்தது. ஒரு அம்மாள், பாட்டி என்றே சொல்லலாம், துணி போட்டு மூடிய பெரிய மண் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளிக்கிழமை அங்கே வீட்டுக்கு வீடு கூஸ்கூஸ் ஆக்குவார்கள், அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். நான் நேராக அவர் பக்கத்தில் போய் நின்று "ஸலாம் அலைக்கும்" என்றேன். வேறு ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஹ்ஷூமா அலிக்!" அவ்வளவுதான். வெட்கமாக இல்லையா உனக்கு என்று அர்த்தம். கத்தவில்லை, சோற்றில் கல் கிடந்தால் சொல்கிற மாதிரி சொன்னார். பையன் முகம் தொங்கிப்போய், நிஜமாகவே தரையைப் பார்த்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டான். பாட்டி தட்டை என் கையில் கொடுத்தார். நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ரெண்டு வீடு தள்ளி அதைக் கொடுத்துவிட்டு என்னைப் பெரிய தெரு வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். கை முழுக்க வெண்ணெய் வாசம்.

அதனால் பின்தொடர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என் பதில்: பெண்கள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். கதவோரம், கடை, குழந்தையோடு போகிற அம்மா, எதுவானாலும் சரி. யாரும் இல்லையென்றால் கடைக்குள் நுழைந்து பெரியவர் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். "ஹ்ஷூமா" என்று நீங்களே சத்தமாகச் சொன்னாலும் வேலை செய்யும், பாட்டி சொன்ன அளவுக்கு இல்லை. "போலீஸ்" என்ற சொல்லும் நன்றாக வேலை செய்யும். உரிமம் இல்லாமல் வழிகாட்டி வேலை பார்ப்பது அங்கே குற்றம், சுற்றுலா போலீஸ் சாதா உடையிலும் திரிவார்கள், பையன்களுக்கு அந்தப் பயம் உண்டு. நகரத்தில் போலீஸ் எண் 19, ஊருக்கு வெளியே ஜெண்டார்மெரி என்கிற கிராமப்புறக் காவல் படை, எண் 177. தெருவில் பெண்களைத் தொல்லை செய்வதை 103-13 என்ற சட்டம் குற்றமாக்கியிருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறை. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 2,000 முதல் 10,000 திர்ஹாம் வரை அபராதம். சட்டம் வந்ததால் தெரு மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். ஆனால் அது அங்கேயும் தப்புதான், "அவர்கள் கலாச்சாரம்" என்று நாம் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரயில் நல்ல ரயில். மராக்கெஷிலிருந்து ஃபெஸ் ஏறக்குறைய ஏழு மணி நேரம். முதல் வகுப்பு எடுங்கள், இருக்கை எண் உண்டு, வித்தியாசம் பெரிய தொகை இல்லை. ஒரு குடும்பம் எதிரே உட்கார்ந்தால் உங்கள் கையில் ரொட்டியும் ஆரஞ்சுச் சுளையும் வந்து சேரும். டான்ஜியரிலிருந்து காசாபிளாங்காவுக்கு அல் போராக் அதிவேக ரயில் ரெண்டு மணி நேரம் சொச்சம்தான். ஷெஃப்ஷாவனுக்கு ரயில் கிடையாது, சி.டி.எம். என்ற கம்பெனியின் பஸ். பைக்குத் தனிச் சீட்டு வாங்கச் சொல்வார்கள், ஏமாற்று வேலை என்று சண்டை போடாதீர்கள், அதுதான் முறை.

ஊருக்குள் பெத்தி டாக்ஸி, மராக்கெஷில் மங்கல் மஞ்சள், ஃபெஸ்ஸில் சிவப்பு. "கோந்தர்" என்று மீட்டரைக் காட்டுங்கள், போட மாட்டேன் என்றால் இறங்கி அடுத்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பாதிக் கட்டணம் கூடும், அது சட்டப்படியான கட்டணம். பாதி வழியில் இன்னொருவரை ஏற்றினால் பதறாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். ஊர் விட்டு ஊர் போகிற கிராண்ட் டாக்ஸியில் ஆறு பேரை அடைப்பார்கள். உள்ளூர்ப் பெண்களில் சிலர் முன்னால் இருக்கும் ரெண்டு இடத்துக்கும் காசு கொடுத்துத் தனியாக உட்காருவதைப் பார்த்தேன், நானும் அப்படியே செய்தேன்.

காபிக்கடை வாசலில் ஆண்கள் எல்லோரும் தெருவைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சினிமா பார்ப்பது மாதிரி, நாம்தான் படம். அங்கே போய் உட்காரத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் நிம்மதியும் இருக்காது. பேக்கரியும் சேர்ந்த கடைகளில் பெண்கள் கூட்டம் இருக்கும், மாடி இருந்தால் இன்னும் நல்லது.

மெர்சூகா. இந்தப் 12 நாளில் வேண்டாம் என்பேன். ஃபெஸ்ஸிலிருந்தே ஏழெட்டு மணி நேரம் வண்டி. போவதென்றால் குழுவோடு போங்கள், உங்களுக்கு மட்டும் தனி வழிகாட்டி வேண்டாம். கூடாரம் உள்ளிருந்து பூட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் நட்சத்திரம் நல்லாத் தெரியும், வா என்று கூப்பிட்டால், கூடார வாசலிலிருந்தும் அதே நட்சத்திரம்தான் தெரியும்.

---

நன்னாரி:

செருப்பு அக்கா எழுதியது அத்தனையும் சரி. இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். நான் தமிழ் முஸ்லிம், ஹிஜாப் போடுகிறவள். போன வருஷம் என் கூடப்பிறந்த அக்காவும் நானும் போனோம், அவள் பாதியில் ஊர் திரும்பிவிட்டதால் ஆறு நாள் தனியாக இருந்தேன்.

ஹிஜாப் போட்டால் தொல்லை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கும் கூப்பாடு வந்தது. என்னை ஊர்க்காரி என்று நினைத்து ஆங்கிலத்துக்குப் பதில் தாரிஜாவில், அதாவது அந்த ஊர் அரபியில், கூப்பிட்டார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். அங்கே இருக்கிற பெண்களுக்கே தினமும் நடப்பது. நான் தங்கிய வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பாட்டுப் போடாமல் நடப்பேன் என்றாள். நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் நானும் அதையேதான் செய்கிறேன் என்று சொல்லி ரெண்டு பேரும் சிரித்தோம்.

"முஸ்லிம் நாடு" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை, கோபமாகச் சொல்லவில்லை. ஓமானில் நான் பார்த்தது வேறு, மலேசியா வேறு, மொராக்கோ வேறு. ஓமானில் ஒருத்தர் பின்னால் வரவில்லை. மொராக்கோவில் வந்தார்கள். தொழுகை எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்காது. ஃபெஸ்ஸில் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் போய்ப் பெண்கள் பகுதியில் தொழுதேன். 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் கட்டியது என்று சொல்கிறார்கள். அங்கே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அரை மணி நேரம்தான் அந்த ஊரில் யாரும் என்னிடம் எதையும் விற்க வராத நேரம். முஸ்லிம் அல்லாதவர்களைப் பொதுவாகப் பள்ளிக்குள் விடுவதில்லை, வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம். காசாபிளாங்காவில் ஹஸன் II பள்ளிவாசலுக்கு எல்லோரும் போகலாம், டிக்கெட் வாங்கிக்கொண்டு வழிகாட்டியோடு. கடல் மேல் நிற்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

ஷெஃப்ஷாவன் அமைதியான ஊர், ஒரு தொல்லை மட்டும் உண்டு: "கிஃப், ஹஷீஷ்" என்று காதோரம் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். சுற்றியுள்ள ரிஃப் மலையில் விளைகிற கஞ்சாதான். திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். வாங்கினால் குற்றம், விற்றவனே மாட்டிவிடவும் செய்வான்.

---

மூன்றாம் பிளாட்பாரம்:

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். மராக்கெஷில் ஜமா எல் ஃப்னா சதுக்கம், ராத்திரி எட்டரை. பாட்டுக்காரர்களைச் சுற்றி ஆட்கள் வளையமாக நின்று கேட்பார்கள். நானும் வளையத்தில் நின்றேன். பின்னாலிருந்து ஒருத்தன் அழுத்தினான், கூட்ட நெரிசல் என்று நினைத்தேன், இல்லை. கை வந்தது. நான் தமிழில் கத்தினேன், வேறு எந்த மொழியும் வாயில் வரவில்லை. ரெண்டு பெண்கள் திரும்பி அவன் சட்டையைப் பிடிக்கப் போனார்கள், ஓடிவிட்டான்.

காவல் நிலையத்துக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் எல்லாம் பிரெஞ்சில், மூன்று மணி நேரம் ஆனது, என்ன எழுதினார்கள் என்று எனக்குப் புரியாமல் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மறுநாள் ஊர் மாறிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று ஒரு தகவலும் வரவில்லை.

பயமுறுத்த எழுதவில்லை. "ஒன்றுமே நடக்காது, எல்லாம் நம் பார்வையில்தான் இருக்கிறது" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நடந்தது என் தப்பு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான். அதற்கு அடுத்த வாரம் எஸ்ஸவீராவில் கடற்கரையில் தினமும் தனியாக நடந்தேன், ஒரு தொந்தரவும் இல்லை, அதுவும் உண்மை.

அந்தச் சதுக்கத்துக்குப் போங்கள், ஆனால் வளையத்தில் நிற்க வேண்டாம். சுற்றிலும் மாடிக் கடைகள் இருக்கின்றன, ஒரு புதினா டீ வாங்கிக்கொண்டு மேலிருந்து பாருங்கள். கீழே நின்றால் குடும்பத்தோடு வந்திருக்கிற பெண்கள் பக்கத்தில் நில்லுங்கள், முதுகுக்குப் பின்னால் சுவரோ கடையோ இருக்கட்டும். இன்னொன்று: மருதாணி போடுகிற பெண்கள் கையைப் பிடித்து இழுத்துக் கேட்காமலே போட ஆரம்பிப்பார்கள், அப்புறம் காசு. கறுப்பாக இருக்கிற மருதாணி என்றால் கையை உதறிக்கொண்டு போய்விடுங்கள், அதில் கலக்கிற சாயம் தோலைப் பொசுக்கிவிடும்.

---

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் பிளாட்பாரம், நீங்கள் எழுதியதற்குத் தனியாக நன்றி. உங்கள் தப்பு ஒரு துளியும் இல்லை.

விமானத்தை மாற்றிவிட்டேன், இப்போது மதியம் 2:40க்கு இறங்குகிறேன், மாற்றுக் கட்டணம் வலித்தது. ரியாத்துக்கு எழுதிக் கேட்டேன், வண்டி எந்த வாசல் என்று சொன்னார்கள், கூட நடந்து வருபவர் யார் என்றதற்கு "நானே வருவேன்" என்று ஒரு அம்மாள் குரல் செய்தி அனுப்பியிருந்தார். அதை என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாஷை புரியவில்லை, ஆனால் பொம்பளைக் குரல் என்றதும் ரெண்டு தடவை கேட்டார். மெர்சூகாவை வெட்டிவிட்டேன், மராக்கெஷில் ஒரு நாள் குறைத்து எஸ்ஸவீரா சேர்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஃபெஸ்ஸில் இருப்பேன், மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மொட்டைமாடி என்று அட்டவணையில் எழுதிவிட்டேன். போலீஸ் எண் போனிலும் ஒரு துண்டுச் சீட்டிலும்.

ஒரு சந்தேகம் பாக்கி. ஹம்மாம், அதான் அந்த நீராவிக் குளியல் இடம், அங்கே போகலாமா? தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது.

---

பழைய செருப்பு:

போகாமல் வராதீர்கள். விடுதியில் வைத்திருக்கும் ஆடம்பர ஸ்பாவுக்கு இல்லை, தெருவில் இருக்கிற பொது ஹம்மாமுக்கு. பெண்களுக்குத் தனி நேரம் அல்லது தனி வாசல் இருக்கும், எந்த நேரம் என்று அந்த ரியாத் அம்மாளைக் கேளுங்கள். ஒரு ஆண் கண் இல்லாமல் ரெண்டு மணி நேரம் இருக்கக் கிடைக்கிற இடம் அது.

கறுப்புச் சோப்பு, கெஸ்ஸா என்கிற சொரசொரப்பான கையுறை, ரெண்டையும் வெளியே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். வாளி உள்ளேயே இருக்கும். முதல் அறை மிதமான சூடு, கடைசி அறை கொதிக்கும், நடு அறையில் உட்காருங்கள். தேய்த்துவிடுகிற அம்மாளிடம் காசு முன்னாலேயே பேசிவிடுங்கள். கையைப் பிடித்துத் தூக்கி, புரட்டி, மாவு பிசைகிற மாதிரி தேய்ப்பார், அழுக்கு உருண்டு உருண்டு வரும், "பார், பார்" என்று உங்களுக்கே காட்டுவார், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் காட்டுவார். மானம் போகும், பரவாயில்லை.

மேலே ஒன்றும் வேண்டாம், கீழே உள்ளாடை மட்டும். நீச்சல் உடையில் போனால் எல்லோரும் சிரிப்பார்கள். காய்ந்த உள்ளாடை ஒன்று மாற்றுக்கு எடுத்துப் போங்கள், நான் மறந்துவிட்டுப் போய் ஈரத்தோடு அந்தக் குளிரில் ரியாத் வரைக்கும் நடந்தேன்.